கிளை பிரியும் இடத்தில் அடைப்பு: ஒரு ஸ்டென்டா, இரண்டா?

ஆஞ்சியோகிராம் முடிந்ததும் டாக்டர் குடும்பத்தாரை அழைத்துத் திரையில் படத்தைக் காட்டுவார். அப்போது சிலருக்கு மட்டும் ஒரு வாக்கியம் கூடுதலாக வரும்: “அடைப்பு கிளை பிரியிற இடத்துல இருக்கு.” ஸ்டென்ட் வைத்துக்கொள்கிறவர்களில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் பேருக்கு நிலைமை இதுதான். “அப்போ ரெண்டு ஸ்டென்டா சார்?” என்பதுதான் வீட்டார் உடனே கேட்கும் கேள்வி. இதே கேள்வியைத்தான் இதய மருத்துவர்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பல ஆயிரம் நோயாளிகளை வைத்து ஆய்வுகள் நடந்துவிட்டன. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடைக்கவில்லை. ஆனால் யாருக்கு ஒன்று போதும், யாருக்கு இரண்டு வேண்டும் என்பது முன்னைவிட நன்றாகத் தெளிந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஏன் இவ்வளவு சிக்கல் என்று முதலில் பார்க்கலாம். ரத்தக்குழாய் நேராகப் போகும் பகுதியில் ரத்தம் உட்சுவரைச் சீராக உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசல் இருக்கும்வரை குழாயின் உட்படலம் ஆரோக்கியமாக இருக்கும். கிளை பிரியும் கவையில் நடு முனை முழு வேகத்தையும் வாங்கிக்கொள்கிறது. எதிர்ப்புறச் சுவர்களை ஒட்டி ஓட்டம் தளர்ந்து சுழல்கிறது. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் நடுமுனை கழுவிவிட்டதுபோல் இருக்க, வெளிக்கரையோரம் வண்டல் தங்குமே, அதே கணக்குதான். கொழுப்புப் படிவும் பெரும்பாலும் வெளிச்சுவர்களிலேயே சேர்கிறது. முனை ஓரளவு சுத்தமாகவே இருக்கிறது. இந்த ஒரு விவரம் பிறகு பெரிய வேலை செய்யப்போகிறது.

அடைப்பு கவையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று குறிக்க, ஸ்பெயின் நாட்டு மருத்துவர் அல்ஃபோன்சோ மெதினாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006-இல் முன்வைத்த எளிய முறைதான் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. மூன்று எண்கள்: முதலாவது பிரிவதற்கு முந்தைய பிரதான குழாய், இரண்டாவது பிரிந்த பிறகு தொடரும் பிரதான குழாய், மூன்றாவது கிளை. 50 சதவீதமோ அதற்கு மேலோ சுருங்கியிருந்தால் 1, இல்லையென்றால் 0. பிரதான குழாயும் கிளையும் சேர்ந்தே பாதிக்கப்பட்ட (1,1,1), (1,0,1), (0,1,1) ஆகிய மூன்றையும்தான் உண்மையான கவை அடைப்பு என்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் 1,1,0 என்று இருந்தால் கிளையின் வாய் திறந்திருக்கிறது என்று பொருள். அங்கே இரண்டாவது ஸ்டென்ட் பற்றிய பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை.

மெதினா எண்ணில் வராத விஷயங்களும் உண்டு. கிளைக்குள் அடைப்பு எவ்வளவு தூரம் போகிறது, சுண்ணாம்பு எவ்வளவு படிந்திருக்கிறது, கிளை எந்தக் கோணத்தில் பிரிகிறது என்பதையெல்லாம் அது சொல்லாது. கடைசியில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இவைதான்.

குழாயின் அளவும் ஒரு சிக்கல். பிரிந்தபின் இரண்டு கிளைகளும் தாய்க்குழாயைவிடச் சிறியவை. பிரான்ஸின் ஃபினே தந்த சூத்திரப்படி, இரு கிளைகளின் விட்டத்தையும் கூட்டி 0.678-ஆல் பெருக்கினால் தாய்க்குழாயின் விட்டம் வரும். இரண்டும் 3 மில்லிமீட்டர் என்றால் தாய்க்குழாய் கிட்டத்தட்ட 4.1 மில்லிமீட்டர். ஸ்டென்டோ ஒரே விட்டமுள்ள உருளை. கீழ்ப்பகுதிக்குப் பொருந்தும் 3 மில்லிமீட்டர் ஸ்டென்டை வைத்தால், மேலே சுற்றிலும் சுவரைத் தொடாமல் தொங்கும். தொடாத கம்பியைச் சுற்றி ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. மேல்பகுதிக்குப் பொருந்தும் 4 மில்லிமீட்டர் ஸ்டென்டை வைத்தாலோ கீழே குழாய் கிழியலாம், கவையின் முனை தள்ளப்பட்டுக் கிளை மூடலாம். நேரான குழாயில் ஸ்டென்ட் வைக்கும்போது இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

1977-இல் சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருயன்ட்சிக் முதல் பலூன் சிகிச்சையைச் செய்தார். 1986-இல் முதல் ஸ்டென்ட்கள் வந்தன. கவை அடைப்பு அந்தத் தொடக்க காலத்திலிருந்தே மருத்துவர்களைத் திணறடித்தது. ஒரு குழாயைத் திறந்தால் மற்றது மூடும். இரண்டிலும் ஸ்டென்ட் வைத்தால் சில மாதங்களில் கிளையின் வாயில் மறுபடி சதை வளரும். மருந்து பூசிய ஸ்டென்ட்கள் 2000-களின் தொடக்கத்தில் வந்ததும் பெரிய நம்பிக்கை பிறந்தது. சதை வளர்ச்சிதானே பிரச்சினை, அதை மருந்து பார்த்துக்கொள்ளும், இரண்டு குழாய்க்கும் தாராளமாக ஸ்டென்ட் வைத்துப் படத்தை அழகாக்கிவிடலாம் என்று பலர் நினைத்தார்கள்.

ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. 2006-இல் வெளியான நோர்டிக் ஆய்வில் 413 நோயாளிகள். ஒரு பாதிக்குப் பிரதான குழாயில் மட்டும் ஸ்டென்ட், கிளைக்குத் தேவைப்பட்டால் மட்டும், மறுபாதிக்கு இரண்டிலும். ஆறு மாத முடிவில் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. இரண்டு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கோ சிகிச்சை நேரம் கூடியது, சாய மருந்து அதிகம் செலவானது, இதயத் தசை லேசாகச் சேதமானதற்கான ரத்தக் குறியீடுகளும் அதிகமாகத் தெரிந்தன. 2010-இல் பிரிட்டனில் 500 பேரை வைத்து நடந்த பி.பி.சி. ஒன் ஆய்வு இன்னும் கடுமையான தீர்ப்பைத் தந்தது. ஒன்பது மாதத்தில் எளிய முறையில் 8 சதவீதம் பேருக்கும் இரண்டு ஸ்டென்ட் முறையில் 15.2 சதவீதம் பேருக்கும் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை போன்ற பாதிப்பு. அதன்பின் ‘முதலில் ஒன்று, தேவையென்றால் மட்டும் இன்னொன்று’ என்ற அணுகுமுறை உலகெங்கும் அடிப்படை விதியாகிவிட்டது. மருத்துவர்கள் இதை ப்ரொவிஷனல் என்கிறார்கள்.

பெயரைக் கேட்டால் ஏதோ தற்காலிக ஏற்பாடு போலத் தோன்றும். செய்முறையைப் பார்த்தால் அப்படி இல்லை. முதலில் இரண்டு குழாய்களுக்கும் தனித்தனி வயர் (பலூனும் ஸ்டென்டும் ஏறிப்போகும் மெல்லிய கம்பி) போகும். பிரதான குழாயில், கீழ்ப்பகுதியின் அளவுக்கேற்ற ஸ்டென்ட் விரிக்கப்படும். கிளையின் வயர் அந்த நேரம் ஸ்டென்டுக்கு வெளியே சுவரோடு சிக்கி நிற்கும். கிளை திடீரென்று மூடினால் வழி காட்ட அதுவே துணை. அடுத்து, கவைக்கு மேலுள்ள பகுதியை மட்டும் தாய்க்குழாயின் அளவுள்ள குட்டையான பலூனால் விரிக்கிறார்கள். இதைச் சுருக்கமாக ‘பாட்’ என்பார்கள். மேலே சொன்ன அளவுச் சிக்கலைத் தீர்ப்பது இந்த ஒரு படிதான். ஸ்டென்ட் மேலே சுவரோடு ஒட்டுகிறது, கிளையின் வாய்க்கு எதிரே வலைக்கண்களும் விரிந்து கொடுக்கின்றன. பிறகு கிளையைப் பார்க்கிறார்கள். ரத்தம் நன்றாகப் போகிறதா? அங்கேயே நிறுத்திவிடலாம். போகவில்லையென்றால் முனைக்கு மிக அருகிலுள்ள வலைக்கண் வழியாகக் கிளைக்குள் வயரை நுழைத்து, இரண்டு குழாய்களிலும் ஒரே நேரத்தில் பலூன்களை விரிக்கிறார்கள். கிஸ்ஸிங் பலூன் என்பது இதைத்தான். மறுபடி ஒரு பாட். அதற்கும் கிளை மசியவில்லையென்றால் மட்டுமே அதில் ஸ்டென்ட். அத்தனை கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டே முன்னேறும் முறை இது.

‘கிளையில் ரத்தம் நன்றாகப் போகிறதா’ என்று பார்ப்பார்கள் என்றேன் அல்லவா, அங்கேதான் கண் ஏமாறும். பிரதான குழாயில் ஸ்டென்ட் விரிந்ததும் கிளையின் வாய் படத்தில் பயங்கரமாகச் சுருங்கித் தெரியும். தென்கொரியாவின் கூ பொன்க்வோன் குழுவினர் 2005-இல் இப்படிச் சிறைப்பட்ட கிளைகளில் எஃப்.எஃப்.ஆர். வயரை நுழைத்து, உண்மையில் ரத்த அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். படத்தில் 75 சதவீதமோ அதற்கு மேலோ சுருங்கியதாகத் தெரிந்த கிளைகளில், நான்கில் ஒன்றில்தான் ரத்த ஓட்டம் உண்மையாகவே தடைபட்டிருந்தது. முனை சுத்தமாக இருக்கும் என்று முன்பு சொன்ன விவரம் இங்கேதான் உதவுகிறது. விரியும் ஸ்டென்ட் அந்த மெல்லிய முனையைக் கிளையின் பக்கம் தள்ளுகிறது. வாய் ஒரு திசையில் மட்டும் தட்டையாகிறது. எக்ஸ்ரே படம் அந்தத் தட்டையான பக்கத்தைப் பார்த்துவிட்டு ‘90 சதவீதம்’ என்கிறது. படம் அழகாக இல்லை என்பதற்காக அந்தக் கிளையில் ஸ்டென்ட் வைப்பது, இல்லாத நோய்க்கு மருத்துவம் செய்வது.

கிளை எவ்வளவு தசைக்கு உணவூட்டுகிறது என்பதையும் கேட்க வேண்டும். சி.டி. படங்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், லெஃப்ட் மெயின் (இதயத்தின் இடப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தாய்க்குழாய்) அல்லாத இடங்களில் ஐந்தில் ஒரு கிளைதான் இதயத் தசையில் 10 சதவீதத்துக்கு மேல் ரத்தம் கொடுப்பதாகத் தெரிந்தது. அந்தக் கிளைகள் பெரும்பாலும் 73 மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ளவை. ஆஞ்சியோ படத்திலேயே இதை ஓரளவு கணிக்கலாம். இதயத்தின் நுனிவரை நீண்டு ஓடும் டயகனல் கிளையும், பாதியிலேயே முடிந்துவிடும் சிறு கிளையும் ஒன்றல்ல. சிறிய கிளையை விட்டுவிடுவது அலட்சியம் ஆகாது.

இவ்வளவு சொன்ன பிறகு, இரண்டு ஸ்டென்ட் தேவையே இல்லையோ என்று தோன்றும். தேவைப்படும் நோயாளிகள் கண்டிப்பாக இருக்கிறார்கள். கிளை பெரியது, அடைப்பு வாயோடு நிற்காமல் உள்ளே 10 மில்லிமீட்டருக்கு மேல் ஓடுகிறது, சுண்ணாம்பும் சேர்ந்திருக்கிறது என்றால், ஒரு ஸ்டென்டோடு ஆரம்பித்து நடுவழியில் கிளையை இழப்பது ஆபத்து. அப்படிப்பட்ட சிக்கலான கவைகளை மட்டும் பொறுக்கியெடுத்து 653 பேரிடம் நடத்திய டெஃபினிஷன்-2 ஆய்வு 2020-இல் வெளியானது. ஒரு ஆண்டில் பாதிப்பு, திட்டமிட்டே இரண்டு ஸ்டென்ட் வைத்தவர்களில் 6.1 சதவீதம், ப்ரொவிஷனல் முறையில் 11.4 சதவீதம். முந்தைய ஆய்வுகளுக்கு நேர் எதிரான முடிவு. காரணம், நோயாளிகள் வேறு, நோயின் ஆழம் வேறு.

இரண்டு ஸ்டென்ட் என்று முடிவெடுத்துவிட்டால், எப்படி வைப்பது என்பதில் பல வழிகள் உண்டு. கிளை கிட்டத்தட்டச் செங்குத்தாகப் பிரிந்தால் டி வடிவத்தில் இரண்டையும் பொருத்தலாம். கோணம் குறுகினால் நடுவில் மூடப்படாத இடைவெளி விழும், சதை மறுபடி அங்கேதான் வளரும். அதைத் தவிர்க்கக் கிளை ஸ்டென்டைச் சற்றே பிரதான குழாய்க்குள் நீட்டி வைப்பது டாப் முறை. ப்ரொவிஷனலாக ஆரம்பித்து வழியில் இரண்டாவது ஸ்டென்ட் தேவைப்பட்டால் பலர் கைக்கொள்வது இதையே. குலோட் முறையில் முதல் ஸ்டென்ட் தாய்க்குழாயிலிருந்து ஒரு கிளைக்குள் போகும். அதன் வலைக்கண் வழியே இரண்டாவது ஸ்டென்ட் மற்ற கிளைக்குள் போகும். மேல்பகுதியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். இரு கிளைகளும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் நன்றாக அமையும்.

இத்தாலியின் அந்தோனியோ கொலம்போ 2003-இல் அறிமுகப்படுத்தியது க்ரஷ். கிளையில் வைத்த ஸ்டென்டின் நீட்டிக்கொண்டிருக்கும் மேல்நுனியைப் பிரதான குழாயின் சுவரோடு நசுக்கிவிட்டு, அதன்மேல் பிரதான ஸ்டென்டை வைப்பது. கிளை ஒரு கணமும் மூடாது என்பது இதன் பலம். பலவீனம் பின்னால் தெரிந்தது. நசுங்கிய இரண்டு மூன்று அடுக்குக் கம்பிகளின் ஊடே மறுபடி வயரை நுழைத்துக் கடைசிக் கிஸ்ஸிங் பலூனைச் செய்வது பல நேரம் முடியாமல் போனது. அது முடியாதவர்களிடம் முடிவுகள் மோசமாக இருந்தன. சீனாவின் நான்ஜிங்கைச் சேர்ந்த சென் ஷாவோலியாங் இதற்கு ஒரு சின்னத் திருத்தம் செய்தார். கிளை ஸ்டென்டை நசுக்கிய உடனேயே, பிரதான ஸ்டென்டை வைப்பதற்கு முன்பாகவே, ஒரு முறை கிஸ்ஸிங் பலூன். இதனால் கிளையின் வாயிலுள்ள கம்பிகள் முதலிலேயே ஒதுங்கி வழிவிடுகின்றன. பிறகு பிரதான ஸ்டென்ட், பாட், மறுபடி வயர், இரண்டாவது கிஸ்ஸிங், கடைசியாக ஒரு பாட். கிஸ்ஸிங் இரண்டு முறை வருவதால் இதன் பெயர் டி.கே. க்ரஷ். பழைய க்ரஷ் முறையில் கடைசிக் கிஸ்ஸிங் நால்வரில் மூவருக்குத்தான் கைகூடியது, டி.கே. முறையில் எல்லோருக்கும் கைகூடியது என்று அவர்களுடைய முதல் ஆய்வு காட்டியது. யாரும் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. படிகளின் வரிசை மாறியது, அவ்வளவுதான். இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் முன்னேற்றம் இது.

வாதம் உச்சத்துக்குப் போனது லெஃப்ட் மெயின் விஷயத்தில். இதயத்தின் இடப்பக்கத் தசைக்கு முக்கால் பங்குக்கும் குறையாமல் ரத்தம் கொடுக்கும் தாய்க்குழாய் அது. அது எல்.ஏ.டி., சர்க்கம்ஃப்ளெக்ஸ் என்று பிரியும் இடத்தில் அடைப்பு வந்தால், அங்கே கிளை என்று எதையும் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. இரண்டுமே பெரிய குழாய்கள். 2013-இல் டி.கே. க்ரஷ்-3 ஆய்வு 419 லெஃப்ட் மெயின் நோயாளிகளிடம் குலோட்டையும் டி.கே. முறையையும் ஒப்பிட்டது. ஒரு ஆண்டில் பாதிப்பு குலோட்டில் 16.3 சதவீதம், டி.கே.யில் 6.2 சதவீதம். 2017-இல் டி.கே. க்ரஷ்-5 ப்ரொவிஷனலோடு மோதியது. 482 பேரில் ஒரு ஆண்டுப் பாதிப்பு டி.கே.யில் 5 சதவீதம், ப்ரொவிஷனலில் 10.7 சதவீதம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தது முறையே 0.4, 3.3 சதவீதம். மூன்று ஆண்டுகளிலும் இடைவெளி நிலைத்தது.

கேள்வி முடிந்துவிட்டது என்று பலர் எண்ணினார்கள். 2021-இல் ஐரோப்பாவின் 11 நாடுகளில் 467 பேரிடம் நடந்த ஈ.பி.சி. மெயின் ஆய்வு வெளியானது. ப்ரொவிஷனலில் 14.7 சதவீதம், இரண்டு ஸ்டென்டில் 17.7 சதவீதம். புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை, இருந்தால் சாய்வு ஒரு ஸ்டென்டின் பக்கம்தான்.

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் முரண்பாடு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. சீனர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில் கிளைக்குள் அடைப்பின் நீளம் சராசரியாக 16 மில்லிமீட்டர். ஐரோப்பிய ஆய்வில் அதில் பாதிகூட இல்லை. சீன ஆய்வில் ப்ரொவிஷனலாக ஆரம்பித்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கடைசியில் இரண்டாவது ஸ்டென்ட் தேவைப்பட்டது. ஐரோப்பிய ஆய்வில் 22 சதவீதம் பேருக்குத்தான். ஐரோப்பிய ஆய்வின் இரண்டு ஸ்டென்ட் பிரிவில் பாதிக்கு மேல் குலோட், டி.கே. வகை வெகு சிலருக்கே. டி.கே. க்ரஷ்-5 மருத்துவர்களோ ஆண்டுக்கு 300-க்குக் குறையாமல் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, அந்த முறையிலேயே கை பழகியவர்கள். ஆக, இரண்டு ஆய்வுகளும் வேறு வேறு நோயாளிகளைப் பற்றிப் பேசுகின்றன. கிளை நோய் குட்டையாக இருந்தால் ஒன்றோடு ஆரம்பிப்பது சரி; நீளமாக இருந்தால், செய்யத் தெரிந்தவர் கையில், டி.கே. க்ரஷ் சரி. ‘செய்யத் தெரிந்தவர் கையில்’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். டி.கே. க்ரஷில் படிகள் அதிகம். வயர் தவறான வலைக்கண்ணில் நுழைந்தாலோ ஒரு பாட் விட்டுப்போனாலோ, முறையின் பெயர் யாரையும் காப்பாற்றாது.

அந்தத் தவறுகளை எக்ஸ்ரே படம் காட்டாது என்பதால்தான் குழாய்க்குள்ளிருந்து பார்க்கும் ஐவஸ், ஓ.சி.டி. கருவிகள் முக்கியமாகின்றன. முன்னது ஒலியலையாலும் பின்னது ஒளியாலும் குழாயின் குறுக்குவெட்டைக் காட்டும். ஸ்டென்ட் சுவரோடு ஒட்டியதா, வயர் எந்தக் கண் வழியே போனது, கிளையின் வாய் உண்மையில் எவ்வளவு திறந்திருக்கிறது என்றெல்லாம் தெரியும். சிக்கலான கவை அடைப்புள்ள 1,201 பேரிடம் நடந்த அக்டோபர் ஆய்வு 2023-இல் வெளியானது. ஓ.சி.டி. துணையோடு செய்தவர்களில் இரண்டு ஆண்டுப் பாதிப்பு 10.1 சதவீதம், ஆஞ்சியோ படத்தை மட்டும் நம்பிச் செய்தவர்களில் 14.1 சதவீதம். லெஃப்ட் மெயினுக்கும் உண்மையான கவை அடைப்புக்கும் இந்தக் கருவிகளைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024 வழிகாட்டுதலில் மிக உயர்ந்த பரிந்துரைத் தரத்தில் வைத்திருக்கிறது. ஒரு ஸ்டென்டா இரண்டா என்று கேட்கும் குடும்பங்கள், “ஐவஸ் அல்லது ஓ.சி.டி. போட்டுப் பார்ப்பீர்களா?” என்றும் தயங்காமல் கேட்கலாம். அதுவே அதிகப் பயன் தரும் கேள்வி என்று நினைக்கிறேன்.

இரண்டு ஸ்டென்ட் என்றதும் ‘காசுக்காகவோ’ என்ற சந்தேகம் நம்மூரில் எழாமல் இருக்காது. அதைக் குறை சொல்ல முடியாது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதிக்கும்வரை விலைகள் கட்டுக்கடங்காமல் இருந்தன. ஆனாலும் எண்ணிக்கையை மட்டும் வைத்து மருத்துவரின் நோக்கத்தை எடைபோட முடியாது. மெதினா எண் என்ன, கிளைக்குள் நோய் எவ்வளவு நீளம், அந்தக் கிளை எவ்வளவு தசைக்கு ரத்தம் கொடுக்கிறது என்று கேட்டால் பதிலிலேயே காரணம் தெரிந்துவிடும். லெஃப்ட் மெயினோடு வேறு குழாய்களிலும் சிக்கலான அடைப்புகள் பல இருந்தால் பைபாஸ் பற்றியும் கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு அது இன்னும் முக்கியம்.

இரண்டாவது ஸ்டென்டின் தேவையையே குறைக்கக்கூடிய ஒரு வழியும் இப்போது வந்திருக்கிறது: மருந்து பூசிய பலூன். பிரதான குழாயில் ஸ்டென்ட் வைத்தபின் கிளையின் வாயில் இந்தப் பலூனை விரித்து மருந்தைச் சுவரில் தடவிவிட்டு எடுத்துவிடுகிறார்கள். உலோகம் எதுவும் உள்ளே தங்காது. 784 பேரை வைத்து நடந்து 2024-இல் வெளியான டி.சி.பி.-பிஃப் ஆய்வில், சாதாரண பலூனால் கிளையை விரித்தவர்களில் ஓராண்டுப் பாதிப்பு 12.5 சதவீதம், மருந்து பூசிய பலூனில் 7.2 சதவீதம். அதில் சேர்க்கப்பட்டவர்கள் எளிமையான கவை அடைப்பு உள்ளவர்கள்; கிளைக்குள் நோய் 10 மில்லிமீட்டருக்குள் அடங்கியவர்கள். நீண்ட கிளை நோய்க்கும் லெஃப்ட் மெயினுக்கும் இந்த முடிவை அப்படியே நீட்டிவிட முடியாது.

எந்த முறையில் வைத்தாலும், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் இரட்டை மாத்திரைகள் பொதுவாக ஆறு மாதம், மாரடைப்போடு வந்தவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் தொடர வேண்டும். கவையில் இரண்டு ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு உறைவு ஆபத்து கூடுதல் என்பதால் சில மருத்துவர்கள் இன்னும் நீட்டிப்பார்கள். பல் பிடுங்குவதற்கோ வேறு சிறிய அறுவைக்கோ போகும்போது யார் நிறுத்தச் சொன்னாலும், ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் அவற்றை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.